மண்ணெண்ணெயில் உழைத்த மொறிஸ் மைனர் பிக்கப்: முற்றத்தில் நடந்த மீட்புப் பணி

யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனர் கார் ஒன்றைத் திருத்துவதற்கு ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. அதே வண்டியின் பிக்கப் வடிவம் வந்து நிற்கும்போதுதான், காரிலேயே பழகிய கைகளும் சில இடங்களில் தயங்குகின்றன. முகப்பு, கதவுகள், எஞ்சின், முன்சில்லுகளைத் தாங்கும் அமைப்பு ஆகியவை எல்லாம் காருக்குரியவையே என்றாலும், இருக்கையின் முதுகுக்குப் பின்னால் அது வேறொரு வண்டி. காரில் உடலும் அடிச்சட்டமும் ஒன்றாகவே அமைந்தவை. பிக்கப்பிலோ தனியான செசி ஒன்று பின்னால் நீண்டு செல்ல, பாரப் பெட்டி அதன்மேல் போல்ற் போட்டு நிறுத்தப்பட்டிருக்கும். 1948 ஆம் ஆண்டு இலண்டன் கண்காட்சியில் அறிமுகமான மைனருக்கு இந்தப் பாரவண்டி வடிவம் 1953 இல் சேர்ந்தது. தொடக்கத்தில் அது 5 அந்தர், அதாவது ஏறத்தாழ 250 கிலோ பாரத்துக்கென வடிவமைக்கப்பட்டது. பின்னாளில் அந்த அளவு 6 அந்தராகவும், 1968 இல் 8 அந்தராகவும் கூட்டப்பட்டது.

நான் வாங்கியது 1960களின் நடுப்பகுதியைச் சேர்ந்தது, 1098 சி.சி. எஞ்சின் பூட்டியது. வடமராட்சியில் வெங்காயமும் புகையிலையும் செய்த ஒரு குடும்பத்திடம் அது இருந்தது. சுன்னாகத்துக்கும் திருநெல்வேலிச் சந்தைக்கும் மூட்டை ஏற்றிய காலம் முடிந்த பின், தகரக் கொட்டில் ஒன்றின் கீழ் பல ஆண்டுகள் அசையாமல் நின்றிருந்தது. 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதிலிருந்து பழைய வண்டிகளின் விலை ஏறிய விதம் எல்லோருக்கும் தெரிந்ததே. ஆகவே அடிமாட்டு விலைக்குக் கிடைத்தது என்று சொல்ல முடியாது. விலை பேசுவதற்கு முன்பே பதிவுப் புத்தகத்தில் உள்ள செசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் வண்டியில் உள்ளவற்றுடன் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டேன். பழைய வண்டி வாங்குபவர் துருவைப் பார்ப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை அதுதான். துருவை வெட்டி ஒட்டலாம், பொருந்தாத இலக்கத்துக்கு அப்படியொரு வழி இல்லை.

பழைய வண்டி முற்றத்துக்கு வந்ததும் எஞ்சினை உயிர்ப்பிப்பதில்தான் எல்லோருக்கும் ஆசை இருக்கும். என் கருத்து வேறு. எஞ்சின் ஓடத் தொடங்கிவிட்டால் வண்டியை ஒழுங்கைவரை கொண்டுபோய்ப் பார்க்க மனம் துடிக்கும். அந்தத் துடிப்பில் செசி, முன்சில்லுகளைத் தாங்கும் முன்கால்கள், பிறேக் ஆகிய மூன்றும் பின்னுக்குத் தள்ளப்படும். அதனால் எஞ்சினைக் கழற்றிப் பலகை ஒன்றின்மேல் வைத்து மூடிவிட்டு, வண்டியின் அடியிலிருந்தே தொடங்கினேன்.

முதலில் செசியை ஊசிமுனைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனேன். நல்ல இரும்பு மணிபோல ஒலிக்கும். உள்ளே தின்னப்பட்ட இரும்பு மந்தமாகச் சத்தமிடும், சில இடங்களில் சுத்தியலே உள்ளே இறங்கிவிடும். கியர்பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தின் இரு முனைகளும், பின் வில்லுத் தகடுகளின் முன்முனை பூட்டப்படும் இடங்களும், வலப்பக்கச் சட்டத்தில் ஏறத்தாழ ஒரு முழ நீளமும் போயிருந்தன. வெளியிலிருந்து பார்த்தபோது அங்கெல்லாம் கறுப்புப் பெயின்ற் ஒழுங்காகவே இருந்தது.

வெட்டித் திறந்தபோது காரணம் தெரிந்தது. பெட்டி வடிவச் சட்டத்துக்குள் வடமராட்சிச் செம்மண்ணும் வெங்காயச் சருகும் இறுகிப் படிந்திருந்தன. சட்டத்தின் அடியில் நீர் வடிவதற்கென இருந்த துளைகள் அந்த மண்ணால் அடைபட்டிருந்தன. கடலோரக் காற்றின் உப்பை ஏந்திய அந்த மண் ஒவ்வொரு மாரிக்கும் நனைந்து, கோடை வந்தும் முழுதாக உலராமல், இரும்பை உள்ளிருந்தே தின்றிருக்கிறது. புதுத் தகட்டை ஒட்டிவிட்டுத் துளைகளைக் கவனிக்காமல் விட்டால் அதே கதை மீண்டும் நடக்கும். ஆகவே நீர் தங்கக்கூடிய ஒவ்வொரு தாழ்வான இடத்திலும் துளையைப் பெரிதாக்கி, ஓரத்தைச் சீவி, விரல் நுழையும் அளவுக்கு வைத்தேன்.

வெட்டுவதற்கு முன் செய்த ஆயத்தம் வெட்டுவதைவிட நீண்டது. செசியை நான்கு இடங்களில் கட்டை கொடுத்து மட்டம் பார்த்து நிறுத்தி, பின் வில்லுத் தகட்டின் தாங்கிகளிலிருந்து முன்சட்டம்வரை மூலைவிட்ட அளவுகள் இரண்டையும் எடுத்துச் சுவரில் எழுதிவைத்தேன். இரு மூலைவிட்டங்களும் சமமாக இருக்கும்வரைதான் செசி நேரானது. கதவு வாசலுக்குக் குறுக்காக ஒரு இரும்புக் கோணத்தைத் தற்காலிகமாக ஒட்டி, ஓட்டுநர் அறை சரியாதபடி பிடித்துக்கொண்டேன். பிறகு ஒரே நேரத்தில் ஒரு இடத்தை மட்டும் வெட்டி, அதை முழுமையாக ஒட்டி, அளவுகளைச் சரிபார்த்த பின்பே அடுத்த இடத்துக்குப் போனேன். சட்டங்களுக்கு 2 மி.மீ. தகடும், தரைக்கு அதைவிட மெல்லிய தகடும் பயன்பட்டன. வெல்டிங் ஒட்டை நீளமாக இழுக்காமல் இங்கொன்று அங்கொன்றாகப் புள்ளி வைத்து, இடையில் ஆறவிட்டுச் சேர்த்துக்கொண்டு வந்தால் தகடு முறுகாது. தரைத் தகடுகளை அருகிலுள்ள பட்டறை ஒன்றில் மடித்து எடுத்தேன். மைனருக்கான உடற்தகடுகளைச் செய்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்த தொழிற்சாலை ஒன்று 1990களில் காலிப் பகுதியில் இயங்கியது என்பதை இங்கே குறிப்பிடலாம். எங்கோ பிறந்த வண்டிக்குத் தென்னிலங்கையிலிருந்து தகடு போனது எனக்கு இன்றும் வியப்பூட்டும் செய்தி.

பின் வில்லுத் தகடுகளில் இன்னொரு கதை இருந்தது. வேறு ஏதோ வண்டியின் தகடு ஒன்றை யாரோ இரு பக்கமும் மேலதிகமாகச் செருகியிருந்தார்கள். 6 அந்தருக்கென்று வந்த வண்டியில் அதைவிட அதிகம் ஏற்றினால் தகடு தட்டையாகும். தட்டையான தகட்டைப் பலப்படுத்தினால் இன்னும் ஏற்றத் தோன்றும். அந்தச் சுமை முழுவதும் கடைசியில் தாங்கி பூட்டப்பட்ட செசியின் தலையில்தான் விழும். தாங்கிகள் வெடித்திருந்ததற்குத் துரு பாதிக் காரணமென்றால், இந்த மேலதிகத் தகடு மறுபாதி. அதை எடுத்துவிட்டு, மூலத் தகடுகளை வளைவு கொடுத்து எடுத்து, ரப்பர் புஷ்களை மாற்றினேன்.

முன்பக்கத்துக்கு வந்தால், மைனரை வைத்திருப்பவர்கள் எல்லோரும் அறிந்து அஞ்ச வேண்டிய ஒன்று அங்கே இருக்கிறது. முன்சில்லைத் தாங்கித் திரும்பும் தண்டின் மேல்முனையும் கீழ்முனையும் புரி வெட்டப்பட்டவை. அந்தப் புரிகளில் ஏறியிருக்கும் இரு மூட்டுகளே வண்டியின் முன்பாரத்தைச் சுமக்கின்றன. ஸ்ரியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் புரி மூட்டுக்குள் சிறிதளவு ஏறி இறங்குகிறது. கிறீஸ் இல்லாமல் போனால் புரி தேய்ந்து, ஒருநாள் கீழ்மூட்டு தண்டிலிருந்து கழன்று, சில்லு மடிந்து வண்டி வீதியில் குந்திவிடும். ஒரு பக்கத் தண்டில் வலம்புரி, மறுபக்கத்தில் இடம்புரி என்பதால் உதிரிப் பாகம் வாங்கும்போது பக்கத்தைச் சொல்லி வாங்க வேண்டும்.

தேய்மானத்தை அறிய, சில்லை ஜக்கில் உயர்த்தி மேலும் கீழும் இரு கைகளால் பிடித்து ஆட்டிப் பார்த்தாலே போதும். என் வண்டியின் இடப்பக்கம் அப்படி ஆட்டியபோது கிளிக்கென்று சத்தம் கேட்டது. கழற்றிப் பார்த்தால், கீழ்மூட்டுக்குள் இருந்த புரியின் முகடுகள் கத்தி விளிம்பைப் போல மெலிந்திருந்தன. மேல்மூட்டு ஏறத்தாழப் புதிதாகவே இருந்தது. கிறீஸ் செலுத்தும் கீழ் நிப்பிளின் வாய் சேற்றினால் அடைபட்டு, அதற்குள் கிறீஸ் போய்ப் பல காலம் ஆகியிருக்க வேண்டும். இரண்டு பக்கமும் தண்டையும் மூட்டுகளையும் சோடியாகவே மாற்றினேன். கிறீஸ் அடிக்கும்போது சில்லு தரையில் ஊன்றியிருக்கக் கூடாது. பாரம் நீங்கினால்தான் புரியின் பாரம் தாங்கும் முகத்துக்கு கிறீஸ் போகும். ஆயிரம் மைலுக்கு ஒருமுறை என்பது நான் கடைப்பிடிக்கும் கணக்கு.

இந்த வேலையையும் பிறேக் வேலையையும் ஒன்றாகச் செய்வதற்குத் தக்க காரணம் உண்டு. மிதியின் அழுத்தத்தைப் பிறேக் திரவத்துக்குக் கொடுக்கும் மாஸ்ரர் சிலிண்டர் மைனரில் எஞ்சின் அறையில் இல்லை; ஓட்டுநரின் காலடியில், தரைவிரிப்பையும் ஒரு சிறு தகட்டையும் நீக்கினால் தெரியும் பள்ளத்தில், செசியின் பெட்டிச் சட்டத்துக்குள் புதைந்திருக்கிறது. அதைப் பிடித்திருக்கும் நீண்ட போல்ற்கள் இரண்டையும் நட்டு நீக்கி உருவப் போனால், அவை பாதி வந்து முன்சில்லின் ஸ்பிறிங்காக வேலை செய்யும் நீண்ட முறுக்குக் கம்பியில் இடித்து நின்றுவிடும். அதாவது பிறேக் சிலிண்டரைக் கழற்றுவதற்கு முறுக்குக் கம்பியை இறக்க வேண்டும். கம்பியை இறக்குவதற்கு முன்கால் முழுவதையும் பிரிக்க வேண்டும். நான் முன்கால்களை ஏற்கெனவே பிரித்திருந்ததால் இந்தச் சிரமம் மிச்சமாயிற்று. மீண்டும் பூட்டும்போது போல்ற்களை எதிர்ப்பக்கத்திலிருந்து செருகிவிட்டேன். அடுத்த முறை கழற்றுபவர் கம்பியைத் தொட வேண்டியிராது. முறுக்குக் கம்பிகளை இடம் வலம் மாற்றிப் போடக் கூடாது என்பதையும், அவற்றின் உடலில் சிறு கீறலும் விழாமல் துணி சுற்றி வைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரே திசையில் ஆண்டுக்கணக்கில் முறுக்குண்ட உருக்கு மறுதிசையில் முறுக்கினால் உடையலாம். கீறலோ உடைவு தொடங்கும் இடமாகிவிடும்.

மாஸ்ரர் சிலிண்டரின் உட்சுவரில் துருக் குழிகள் இருந்தன. உள்ளே இருக்கும் ரப்பர்களை மட்டும் மாற்றினால் சில மாதம் ஓடும் என்பது தெரியும். ஆனால் இந்த வண்டியின் பிறேக் ஒற்றைச் சுற்று. நான்கு சில்லுகளுக்கும் ஒரே திரவம், ஒரே சிலிண்டர், உதவி அமுக்கமும் கிடையாது. எங்காவது ஒரு இடம் கசிந்தால் நான்கு சில்லுகளிலும் பிடி போய்விடும். ஆகவே மாஸ்ரர் சிலிண்டரையும், முன்சில்லு ஒவ்வொன்றிலும் இரண்டாகவும் பின்சில்லு ஒவ்வொன்றிலும் ஒன்றாகவும் உள்ள சில்லுச் சிலிண்டர்களையும் புதிதாகவே போட்டேன். இரும்புக் குழாய்களுக்குப் பதிலாகச் செப்பு நிக்கல் கலப்புக் குழாய் இழுத்தேன். அது துருப்பிடிக்காது, கையாலேயே வளைக்கலாம். சிக்கனம் பார்க்க விரும்புபவர்கள் பெயின்ற்றில் பார்த்துக்கொள்ளலாம்.

அங்குலச் சாவிகள் இல்லாமல் இந்த வண்டியைத் தொட வேண்டாம் என்பது என் கண்டிப்பான கருத்து. பழைய உரிமையாளர்களின் மெக்கானிக்குகள் 13 மி.மீ. சாவியை அரை அங்குல நட்டில் போட்டுப் போட்டுப் பல தலைகளை உருட்டி வைத்திருந்தார்கள். 7/16, 1/2, 9/16 ஆகிய மூன்றும் இருந்தால் வண்டியின் பெரும்பகுதியைக் கழற்றிவிடலாம்.

இனி எஞ்சின். இதைப் பிரித்தபோது உதவிக்கு வந்தவர் எங்கள் பகுதியில் நெடுங்காலம் கராஜ் நடத்தி ஓய்ந்த ஒரு முதியவர். எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைத் தூக்கியதும் அவர் சிரித்தார். அதன் கீழே, இடைவெளியை அடைக்கும் மெல்லிய தகடான காஸ்கற் ஒன்றல்ல, இரண்டு இருந்தன.

"அந்த நாளிலை நாங்கள் இப்பிடி ரெண்டு காஸ்கற் போட்டுத்தான் மண்ணெண்ணெய்க்கு ஓட்டினனாங்கள், தம்பி. இல்லாட்டி ஏத்தத்திலை கிணுகிணுவெண்டு அடிக்கும்" என்றார்.

1990 இல் வடபகுதிக்கு எரிபொருள் உள்ளிட்ட பொருட்களுக்குத் தடை வந்த பின், குடாநாட்டில் பெற்றோல் மருந்துபோல் துளிக்கணக்கில் புழங்கியது. பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள்தான் அப்போது ஓடின. சிறு போத்தலில் வைத்திருந்த பெற்றோலைக் கார்புரேற்றருக்குள் சிறிதளவு விட்டு எஞ்சினை முடுக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது வழக்கம். அந்த வழக்கம் ஊரைக் காப்பாற்றியது என்பதில் ஐயமில்லை. எஞ்சினுக்கு அது என்ன செய்தது என்பதை இந்த உலோகத்தில் அப்படியே படிக்க முடிந்தது.

மண்ணெண்ணெயின் ஒக்ரேன் அளவு, அதாவது அமுக்கத்தில் தானாக வெடிக்காமல் தாங்கும் திறன், மிகக் குறைவு. பெற்றோலுக்கென அமைந்த அமுக்கத்தில் அது உரிய கணத்துக்கு முன்பே வெடித்துப் பிஸ்ரனை அடிக்கும். அதற்குத்தான் காஸ்கற்றை இரட்டிப்பாக்கி எரி அறையைப் பெரிதாக்கினார்கள், தீப்பொறி விழும் நேரத்தையும் பிந்த வைத்தார்கள். ஆனால் இன்னொரு கோளாறுக்கு மருந்து இருக்கவில்லை. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆவியாகாத துளிகள் சிலிண்டர்ச் சுவரில் படிந்திருக்கும் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு, றிங்குகளைத் தாண்டி அடித்தட்டுக்கு இறங்கி, அங்கிருக்கும் எண்ணெயை நீர்க்கச் செய்யும். நீர்த்த எண்ணெய் பெயாரிங்குகளைக் காப்பாற்றாது. பிஸ்ரனைச் சுழலும் கிராங் தண்டோடு இணைக்கும் கொனெக்ரிங் றொட்டின் பெயாரிங்குகளில் இந்த எஞ்சினில் மேற்பூச்சு முற்றாகப் போய்ச் செப்பு நிறம் தெரிந்தது. சிலிண்டர்களின் மேல்விளிம்பில் நகம் இடறும் படி விழுந்திருந்தது. பிஸ்ரன்களில் எண்ணெய் றிங்குகள் கரியில் இறுகி, விரலால் அசைக்க முடியாதவையாக இருந்தன.

ஆகவே சிலிண்டர்களைக் கடைந்து அளவு கூடிய பிஸ்ரன்கள் போடுவதும், கிராங்கைத் தீட்டி அளவு குறைந்த பெயாரிங்குகள் போடுவதும் தவிர வேறு வழியில்லை. இரண்டையும் லேத் பட்டறைக்குக் கொடுத்தேன். இந்த வேலையில் ஒழுங்குமுறை ஒன்று உண்டு: பிஸ்ரன்கள் கைக்கு வந்த பின்பே சிலிண்டரைக் கடைய வேண்டும். பெட்டியில் எழுதியிருக்கும் அளவை நம்பிக் கடைந்துவிட்டு, வந்த பிஸ்ரனை அளந்தபோது வேறாக இருந்தால் எஞ்சின் கட்டை வீண். கிராங் திரும்பி வந்ததும் அதன் எண்ணெய்த் துளைகளை மெல்லிய தூரிகையால் கழுவினேன். தீட்டுக் கல்லின் பொடி அங்கே ஒளிந்திருக்கும்.

ஹெட்டில் இரு வால்வுகளுக்கு நடுவே வெடிப்பு விழுவது இந்த எஞ்சின் குடும்பத்தின் பழைய நோய். நிறமி தெளித்துப் பார்த்ததில் வெடிப்பு இல்லை. இப்போது விற்பது ஈயமற்ற பெற்றோல் என்பதால், வெளியேற்று வால்வுகள் அமரும் இடங்களுக்குக் கடின உருக்கு வளையங்கள் போடுவித்தேன். பழைய வார்ப்பிரும்பு இருக்கைகள் ஈயத்தின் மென்படலத்தை நம்பி இருந்தவை. அது இல்லாமல் தொடர்ந்து பாரத்துடன் ஓடினால் வால்வு மெல்ல மெல்ல ஹெட்டுக்குள் புதையும். காஸ்கற் இப்போது ஒன்றுதான். ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து வெளிநோக்கிப் பல சுற்றாக இறுக்கி, 40 இறாத்தல் அடி முறுக்குவிசையில் நிறுத்தினேன். குளிர்ந்த நிலையில் வால்வு இடைவெளி 0.012 அங்குலம், பிளக் இடைவெளி 0.025 அங்குலம், தீப்பற்றும் வரிசை 1-3-4-2 என்பன இந்த எஞ்சினுக்கு எப்போதும் உள்ளவையே.

தண்ணீர் ஓடும் அறைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது எங்கள் ஊருக்கே உரிய சிக்கல். குடாநாட்டின் நிலத்தடியில் சுண்ணாம்புக் கல். கிணற்று நீர் கடினமானது. கேத்திலில் படிவது எதுவோ அதுவே எஞ்சினுக்குள்ளும் படிகிறது. இந்த எஞ்சினின் நான்காவது சிலிண்டரைச் சுற்றியுள்ள பகுதி, நீரோட்டம் குறைந்த பின்மூலை என்பதால், வெள்ளைக் கல்லால் நிரம்பியிருந்தது; வடிகால் குழாயைத் திறந்தபோது ஒரு சொட்டும் வரவில்லை. கம்பியால் குத்தி உடைக்கக்கூடியதை உடைத்து, சிற்றிக் அமிலம் கரைத்த வெந்நீரை ஊற்றிவைத்து, நுரை அடங்கும்வரை மாற்றிக்கொண்டே இருந்தேன். ரேடியேற்றரின் குழல்களும் அவ்வாறே. இப்போது அதற்குள் இருப்பது மாரியில் பிடித்துவைத்த மழைநீரும் துருத்தடுப்புக் கூலண்டும். மைனர் சூடேறுகிறது என்று முறைப்பட்டு மின்விசிறி பூட்டும் நண்பர்கள், முதலில் அந்த வடிகால் குழாயைத் திறந்து பார்ப்பது நல்லது.

எஞ்சினின் பின்முனையில் கிராங்குக்கு ரப்பர் அடைப்பு கிடையாது; எண்ணெயைத் திருப்பி அனுப்பும் சுருள் வெட்டு மட்டுமே இருக்கிறது. ஆகவே நிறுத்திய இடத்தில் சில துளிகள் விழுவது இயல்பு. அதற்காக எஞ்சினைத் திரும்ப இறக்கச் சொல்லும் ஆலோசனையை ஏற்க வேண்டியதில்லை.

இந்த வேலை நடந்துகொண்டிருந்தபோது யப்பான் எஞ்சினையும் ஐந்து கியர்ப் பெட்டியையும் போட்டுவிடும்படி சொன்னவர்கள் பலர். இலங்கையில் அப்படி மாற்றப்பட்ட மைனர்கள் எத்தனையோ ஓடுகின்றன; அதில் குற்றம் காண நான் வரவில்லை. ஆனால் இந்தப் பிக்கப்பின் பிறேக்கும் முன்கால்களும் 48 குதிரைவலுவை மனத்தில் கொண்டு அமைந்தவை. வலுவைக் கூட்டினால் பிறேக்கைக் கூட்ட வேண்டும். பிறேக்கைக் கூட்டினால் முன்காலை மாற்ற வேண்டும். கியர்பெட்டியை மூடியிருக்கும் தரைச் சுரங்கத்தை வெட்ட வேண்டும். பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கத்தையும் மாற்ற வேண்டும். அந்தப் பாதையின் முடிவில் கிடைப்பது மைனரின் முகம் கொண்ட வேறு வண்டி. மூல எஞ்சினைத் திருத்த முடியாத நிலை இருந்திருந்தால் என் முடிவும் வேறாக இருந்திருக்கலாம்.

கார்புரேற்றரிலும் பெற்றோல் தாங்கியிலும் பெரிய வேலை இல்லை. தாங்கிக்குள் பிசின்போல் இறுகியிருந்த பழைய மண்ணெண்ணெய்ப் படிவைக் கரைப்பான் ஊற்றி, சிறு சங்கிலித் துண்டைப் போட்டுக் குலுக்கி அகற்றினேன். கார்புரேற்றரின் ஊசியும் ஜெற்றும் தேய்ந்து முட்டை வடிவாகியிருந்ததால் இரண்டையும் சேர்த்தே மாற்றினேன்.

மின்சாரத்தில் ஒரு தீர்மானம் எடுக்க வேண்டியிருந்தது. இந்த வண்டியில் பற்றரியின் நேர்முனைதான் உடலோடு சேர்கிறது. இன்றைய வண்டிகளுக்கு நேர்மாறு. வானொலி பூட்டும் எண்ணம் இல்லாததாலும், டைனமோ நன்றாக மின்னேற்றியதாலும் அதை அப்படியே விட்டுவிட்டு, பற்றரியின் அருகிலும் மூடியின் உட்பக்கத்திலும் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை எழுதினேன். அவசரத்துக்கு உதவ வருபவர் வயரை மாற்றிக் கொடுத்துவிடக் கூடாது அல்லவா. துணி சுற்றிய பழைய வயர்கள் தொட்டாலே உதிர்ந்தன. புதிய வயர்த் தொகுதியை மூல நிறங்களிலேயே கட்டினேன்: பற்றரியிலிருந்து நேராக வருவது மண்ணிறம், சாவி திறந்ததும் வருவது வெள்ளை, அதிலிருந்து பியூஸ் கடந்து போவது பச்சை, உடலுக்குப் போவது கறுப்பு. மூல அமைப்பில் இரண்டே பியூஸ்கள். முன்விளக்குகளுக்குப் பியூஸே கிடையாது. இந்த ஒரு இடத்தில் மட்டும் மூலத்தை மீறி, விளக்குகளுக்குத் தனிப் பியூஸ்கள் சேர்த்தேன்.

உடல் வேலையை விரிவாகச் சொல்ல அவசியமில்லை. வெட்டி ஒட்டிய இடங்களில் புட்டி மெல்லிய பூச்சாக மட்டுமே போனது. மூடிய சட்டங்களுக்குள் துளைகள் வழியாக மெழுகு கலந்த எண்ணெயைப் பீய்ச்சினேன். பெயின்ற், பழைய பூச்சுகளைச் சுரண்டியபோது அடியில் தெரிந்த சாம்பல் கலந்த பச்சை. பாரப் பெட்டியின் தரை எப்போதோ அழிந்து, யாரோ அடித்த பலகைகளும் உக்கியிருந்தன. கறையான் அண்டாத வேப்பம் பலகையில் புதிய தரை போட்டு, பலகைகளுக்கிடையே நீர் இறங்க ஒரு விரற்கடை இடைவெளி விட்டேன். அந்த நீர் செசியின்மேல் விழாமல் வெளியே போகுமாறு ஓரத்தில் ஒரு தகட்டுக் கானும் வைத்தேன்.

முதல் ஓட்டத்துக்கு எண்ணெய் ஊற்றி, பிளக்குகளைக் கழற்றிவிட்டு, எண்ணெய் அமுக்கம் ஏறும்வரை ஸ்ராட்டரால் எஞ்சினைச் சுற்றினேன். அதன் பின்பே பிளக்குகளைப் பூட்டித் தீப்பொறி கொடுத்தேன். புதிய றிங்குகள் படியும்வரை கிட்டத்தட்ட 500 மைல் நிதானமாக ஓட்டி, எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றினேன். பிறகு சீமெந்துப் பைகள் ஆறை, அதாவது 300 கிலோவை, பெட்டியில் ஏற்றி வல்லை வெளியால் போய் வந்தேன். எதிர்க்காற்றில் மூன்றாம் கியருக்கு இறங்க வேண்டியிருந்தது. வெப்பமானி நடுக்கோட்டைத் தாண்டவில்லை. அழுத்திப் பிடித்தபோது வண்டி ஒரு பக்கமும் இழுக்காமல் நின்றது. திரும்பி வந்ததும் பாரத்தோடேயே மூலைவிட்டங்களை மீண்டும் அளந்தேன். சுவரில் எழுதியிருந்த அளவே இருந்தது.

இன்னும் பாக்கி உண்டு. முதலாம் கியருக்கு ஒத்திசைப்பு அமைப்புக் கிடையாது என்பது தெரிந்ததே, ஆனால் இரண்டாம் கியரும் சூடேறிய பின் கரகரக்கிறது. கியர்பெட்டியைத் திறப்பதை அடுத்த கோடைக்கு ஒத்திவைத்திருக்கிறேன். வலக்கதவுக் கண்ணாடியைத் தாங்கும் ரப்பர் கிடைக்கவில்லை. இப்போதைக்குக் கண்ணாடி ஒரு மரத் துண்டின் உதவியில் நிற்கிறது.